ரிம்மில் ஒரு சொட்டுகூடப் படவில்லை

1

இந்தக் கதை எனக்குக் கிளேபாங் கடற்கரையில், தேங்காய் ஷேக் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. முழுதாகக் கிடைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் இருந்த மேசையில் ஒரு பெண் போனில் யாரிடமோ சொன்ன ஒரே வரி: "பிரேக் புடிக்கலன்னு சொன்னா யாரு லா நம்பறா?" அவ்வளவுதான். நான் திரும்புவதற்குள் எழுந்து போய்விட்டாள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை; கிளம்பிப்போன காரின் பின்னால் கட்டியிருந்த சைக்கிளைத்தான் பார்த்தேன்.

எனக்குக் கதைகள் இப்படித்தான் வந்து தொலைகின்றன. மற்றவர்களுக்கு மழை தெரியுமாம், மரம் தெரியுமாம், அதிலிருந்து எழுதுவார்களாம். எனக்கு முதலில் பேச்சு. பேச்சுக்கு ஆளைத் தேடி, ஆளுக்கு வீட்டைத் தேடி, வீட்டில் இன்னும் இரண்டு பேரைக் குடிவைத்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இந்தத் தடவை அதற்கு மேலும் ஒரு தொல்லை. அவள் பேசியது மவுண்டன் பைக்கைப் பற்றி. காடு மேடெல்லாம் ஏறி இறங்கும் தடித்த டயர் சைக்கிள். அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அதற்கும் சக்கரம் இரண்டு என்பது மட்டும்தான்.

சரி, தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்வோம் என்று கேட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் ஒரு சந்தேகம் கேட்டால் டயர் காற்றில் ஆரம்பித்து, என் முழங்காலில் வந்து முடிக்கிறார்கள்.

முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கு ஷாந்தினி என்று பெயர் வைத்துக்கொள்கிறேன்.

2

முதல் ஆரம்பம்: "செலண்டார் செம்பனைத் தோட்டத்தின் செம்மண் பாதையில் அதிகாலைப் பனி மெல்ல விலகிக்கொண்டிருந்த வேளையில், ஷாந்தினியின் விழிகள்—"

நிறுத்திவிட்டேன். பனியாவது கினியாவது. காலை எட்டரைக்கே சட்டை முதுகோடு ஒட்டுகிற புழுக்கம்.

இரண்டாம் ஆரம்பம்: "சக்கரம் என்பது மனித வாழ்வின்—"

இதை எழுதியது யார் என்று தெரியவில்லை. கையெழுத்து என்னுடையது.

மூன்றாவது, இதுவே இருந்துவிட்டுப் போகட்டும்:

ஷாந்தினிக்கு ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கேயே ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், வீடு. புருஷன் பிரவின், நாலு வயது மகள், பிரவினின் அம்மா மங்களம். வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் அவளுடையது. தன் காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு செலண்டாருக்குப் போவாள். அங்கே டயர் கடை வைத்திருக்கும் தம்புசாமி ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு தோட்டத்துப் பாதைகளில் ஓட்டுவார். பிரவினுக்கு ஞாயிறும் ஷிப்ட் உண்டு. ஆகவே, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது மங்களம். மங்களம் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் ஷாந்தினிக்கு ஞாயிறு கிடையாது. இதை மட்டும் கதை முடியும்வரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மங்களம் மாட்டேன் என்று சொன்னதில்லை. சொல்லாமலே காட்டுவாள். சைக்கிளுக்கு அவள் வைத்திருந்த பெயர் 'அந்தச் சனியன்'. வாசல் போர்ச்சைக் கூட்டும்போது அதைச் சுற்றிக் கூட்டுவாள், தொட மாட்டாள். பிள்ளை பெத்தவ ஆம்பளைங்களோட காட்டுல சுத்தறா என்று பக்கத்து வீட்டில் ஒரு தடவை சொன்னது, இந்த வீட்டுக்கும் கேட்கட்டும் என்றுதான்.

பிறகு ஆயுத பூசை வந்தது. ஷாந்தினி வேலை முடிந்து வந்தபோது, போர்ச்சில் பிரவினின் காருக்குப் பக்கத்தில் சைக்கிள் கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. கைப்பிடியில் சந்தனம், குங்குமம். நடுவில் ஒரு முழம் பூ. மங்களம் கற்பூரத் தட்டோடு வெளியே வந்தவள், மருமகள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அதுவும் ஒரு வண்டிதானே."

ஷாந்தினி செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே நின்றாள்.

(இந்த இடத்தில் அவளைக் கொஞ்சம் அழவைக்கலாம் என்று எழுதிப் பார்த்தேன். வரவில்லை. வேலைவிட்டு வந்த பெண்ணுக்குப் பசி இருக்கும். சுண்டல் சாப்பிட்டாள்.)

3

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, செலண்டாரில் சைக்கிளை இறக்கி இரண்டு மிதி மிதித்ததுமே ஷாந்தினிக்குத் தெரிந்துவிட்டது. பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் கீச்சென்று கத்துகிறது. நிற்க மாட்டேன் என்கிறது. தம்புசாமியிடம் சொன்னாள். அவர் கைப்பிடியில் இருந்த பிரேக்கை அமுக்கிப் பார்த்தார். நல்லா கல்லாட்டம்தானே இருக்கு, குறை ஒண்ணும் இல்ல என்றார்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது அறிவுரை. அன்றைக்குத் தண்ணித்தொட்டி மேட்டில் இறங்குவதாக ஏற்பாடு. ஷாந்தினிக்கு அது முதல் தடவை. ஆகவே எல்லாருக்கும் அவள் பயம்தான் தெரிந்தது, பிரேக் தெரியவில்லை. டயரில் காற்று கூடிப்போச்சு, கட்டை விரலால் அமுக்கினால் கொஞ்சம் உள்ளே போகணும், இல்லாவிட்டால் வேரிலும் கல்லிலும் பட்டுத் துள்ளும் என்று ஒருவர் காற்றை இறக்கிவிட்டார். இறக்கத்தில் சீட் உயரமாக இருந்தால் குப்புறத் தள்ளும் என்று இன்னொருவர் சீட்டை இறக்கினார். இரண்டு மிதியும் சமமாக இருக்கட்டும், முழங்கால் மடங்கியிருக்கட்டும், சீட்டில் உட்காராதே, இடுப்பைப் பின்னால் தள்ளு. பிரேக்கில் ஒரு விரல் போதும், மற்ற விரல்கள் கைப்பிடியை விடக் கூடாது. முன்னும் பின்னும் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி. செங்குத்து வருவதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறை. முன் சக்கரத்தைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார்.

(இவை எல்லாமே சரியான அறிவுரைகள். விசாரித்துவிட்டேன். ஓட்டுகிறவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். வயிற்று வலி என்று போனவளுக்குத் தலைவலி மாத்திரை கொடுத்தால், மாத்திரை நல்ல மாத்திரையாக இருந்து என்ன?)

பிரவின் இருக்கிறானே, அவன் இந்தச் சைக்கிளில் ஏறியதே இல்லை. எல்லாம் வீடியோவில் பார்த்தது. அவள் போனில் சொன்னதும், நீ பயந்து பயந்து புடிக்கிற, அதான் என்றான். அவனை நான் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிள்ளைக்கு அப்பா வேண்டுமே என்று விட்டுவைத்திருக்கிறேன்.

மேட்டின் உச்சியில் நின்று ஷாந்தினி கடைசியாக ஒரு தடவை சொன்னாள்.

"அண்ணே, நெஜமாவே புடிக்கல அண்ணே."

"மொத தடவ எல்லாருக்கும் அப்பிடித்தான் மா தோணும். பின்னால குந்து, தானா நிக்கும்."

குந்தினாள். சொன்னபடி முழங்காலை மடக்கினாள், தூரத்தில் பார்த்தாள், ஒரு விரலால் பிடித்தாள். பிறகு இரண்டு விரலால் பிடித்தாள். பிறகு எல்லா விரலாலும் பிடித்தாள். பாதி இறக்கத்தில் சைக்கிள் அவள் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது. அந்த நேரத்தில்தான் அவள் மூக்கில் அந்த வாசனை ஏறியது. காய்ந்த தேங்காய் எண்ணெய். இந்தத் தோட்டத்துக்குள் யார் வீட்டில் பலகாரம் சுடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே பாதையோரம் குவித்திருந்த செம்பனை மட்டைக் குவியலில் போய் விழுந்தாள்.

கையெல்லாம் முள் கீறல். எலும்புக்கு ஒன்றுமில்லை. படுத்தபடியே பார்த்தாள். வாசனை எந்த வீட்டிலிருந்தும் வரவில்லை. சக்கரத்தின் நடுவில் இருக்கும் டிஸ்க்கிலிருந்து வந்தது. பிரேக் கவ்விப் பிடிப்பது அந்த மெல்லிய இரும்புத் தட்டைத்தான். அதில் எண்ணெய் இருந்தால் எந்த மகாராஜா குந்தினாலும் நிற்காது.

4

வீட்டில் மங்களம் கீறல்களைப் பார்த்தாள். திட்டுவாள் என்று ஷாந்தினி தயாராக இருந்தாள், நானும் இரண்டு பக்கம் திட்டு எழுதத் தயாராக இருந்தேன். மங்களம் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"சாமி கும்புட்டதாலதான் இதோட போச்சு. இனிமே வெள்ளிக்கெழமைக்கி வெள்ளிக்கெழம நானே எண்ண போட்டுத் தொடச்சி, பொட்டு வெச்சி உடறேன். நீ பயப்படாம போயிட்டு வா."

பாருங்கள், போயிட்டு வா என்கிறாள். இத்தனை நாள் வராத வார்த்தை. வந்த நேரத்தைப் பாருங்கள்.

ஷாந்தினி, பூசைக்கு எப்படித் துடைத்தீர்கள் அத்தை என்று கேட்டாள். மங்களம் தோட்டத்தில் இருந்த காலத்தில் வேலைக்குச் சைக்கிளில் போனவள். அந்தச் சைக்கிளில் பிரேக் கட்டை சக்கர விளிம்பை, அதாவது ரிம்மைக் கவ்வும். அது அவளுக்குத் தெரியும். கேட்டதற்காகச் சந்தோஷப்பட்டுச் சொன்னாள்: சங்கிலிக்குப் போட்டாளாம், மிதிக்குப் போட்டாளாம், நடுவில் ஓட்டை ஓட்டையாய் வெள்ளித்தட்டு மாதிரி அழகாக ஒன்று இருக்கே, அதற்கு நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கினாளாம்.

"ரிம்முல ஒரு சொட்டு படல. பட்டா பிரேக் புடிக்காது இல்ல? எனக்குத் தெரியாதா?"

இதுவரை எழுதியதை என் தோழி வாணியிடம் படித்துக் காட்டினேன். நான் எழுதுவதை முதலில் கேட்பவள் அவள். கேட்டுவிட்டு, மாமியாக்காரி வேணும்னேதான் செஞ்சிருக்கா, உனக்கு எழுதத் தெரியல என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு ராத்திரி முழுக்க மங்களத்தைக் கெட்டவளாக்கிப் பார்த்தேன். எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் கொடுத்துச் சிரிக்கவைத்தேன். சிரிக்க மாட்டேன் என்கிறாள். விழட்டும் என்று நினைக்கிறவள் எதற்கு ரிம்மில் ஒரு சொட்டு படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்? அவளுக்குத் தெரிந்த சைக்கிளுக்கு அவள் செய்தது அத்தனையும் சரி. வாணிக்கு இதைச் சொன்னேன். அவள் இன்னும் நம்பவில்லை. அவள் மாமியார் வேறு மாதிரி.

5

சைக்கிளைச் சரிசெய்வது சுலபமாக இருந்தது. இந்தக் கதையில் சுலபமாக இருந்தது அது ஒன்றுதான். ஷாந்தினி டிஸ்க்கை மருந்துக் கடை ஆல்கஹாலால் புதுத் துணியில் துடைத்தாள். துடைத்த பிறகு விரல் படவிடவில்லை, விரலில் இருக்கும் பிசுக்கே போதுமாம். டிஸ்க்கைக் கவ்வி எண்ணெய் குடித்த பிரேக் பேட்டைக் கழற்றித் தம்புசாமியின் கடைக்குக் கொண்டுபோனாள். அவர் அதை முகர்ந்து பார்த்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"என்னாம்மா, தாளிச்சி எடுத்தியா?"

மன்னிப்பு கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். குடித்தது குடித்ததுதான், தூக்கிப் போடு, புதுசு மாட்டு என்றார். மாட்டினதும் அப்படியே மேட்டில் போய் இறங்காதே, சமதரையில் கொஞ்சம் வேகமாக ஓட்டி, நிற்கப் போகும் அளவுக்குப் பிடித்து, பிறகு பிரேக்கை விட்டுவிடு, திரும்பத் திரும்ப அப்படிச் செய்தால்தான் பேட் டிஸ்க்கோடு பழகும் என்றார். அதோடு நிறுத்தினாரா? சங்கிலி எண்ணெயைப் பற்றி ஆரம்பித்தார்.

தாமான் சந்தில் மகள் கைதட்ட, அவள் ஓட்டி ஓட்டி நிறுத்தினாள். பிரேக் பிடித்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. மங்களம் குளித்துவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தோடு போர்ச்சுக்கு வந்தாள்.

6

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முடிவு ஒன்று: பிரவின் சொல்லிவிடுகிறான். அவன் சொன்னால் எப்படிச் சொல்வான் என்று எனக்குக் கேட்கிறது. "அம்மா, ஒங்க எண்ணையாலதான் அவ விழுந்தா." அதற்கப்புறம் மங்களம் சைக்கிளையும் தொட மாட்டாள், மருமகள் முகத்தையும் பார்க்க மாட்டாள். இந்த முடிவை அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: ஷாந்தினி ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒளிந்து துடைக்கிறாள். என்றைக்காவது மறந்துவிடுவாளே. மட்டைக் குவியல் எப்போதும் அதே இடத்தில் இருக்குமா?

முடிவு மூன்று: எண்ணெய் வேண்டாம், திருநீறு மட்டும் பூசச் சொல்கிறாள். எழுதி முடித்துவிட்டு விசாரித்தேன். அதுவும் டிஸ்க்கில் படக் கூடாதாம். தலையில் அடித்துக்கொண்டேன்.

நான்காவதாக ஒரு வரி வந்தது. ஷாந்தினியின் குரலில்.

"அத்த, கொஞ்சம் இருங்க. நீங்க சொன்னது சரிதான். ஆனா இந்தச் சைக்கிளுக்கு ரிம்மு அந்தத் தட்டுதான்."

நல்ல வரி. மாமியார் அறிவில் குறை சொல்லவில்லை, இடத்தை மட்டும் மாற்றிக் காட்டுகிறது. முடிந்தது என்று காகிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன். தண்ணீர் கொதிப்பதற்குள் மங்களம் பேசிவிட்டாள். பிரேக் என்றால் என்ன என்று தெரிந்தவள் அல்லவா, கணக்குப் போட எவ்வளவு நேரமாகும்? டிஸ்க்கை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. தட்டைப் பார்த்தாள். ரிம்மைப் பார்த்தாள். மருமகள் கையில் காய்ந்துகொண்டிருந்த கீறலைப் பார்த்தாள்.

"அப்ப, ஞாயித்துக்கெழம நீ விழுந்தது?"

இதை நான் எழுதவில்லை. கேட்டது.

ஆமாம் என்று ஷாந்தினியைச் சொல்லவைத்தேன். மங்களம் கோபப்படுவாள் என்று பார்த்தால் கோபப்படவில்லை, அதுதான் மோசம். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். சாமி பேரைச் சொல்லித் தன் கையாலேயே மருமகளைத் தள்ளிவிட்டோம் என்று நினைக்கிறவள், அடுத்த ஞாயிறு 'போயிட்டு வா' என்று எந்த வாயால் சொல்வாள்? அதை அடித்துவிட்டு, இல்லை என்று சொல்லவைத்தேன். இல்ல அத்த, நான்தான் சரியா குந்தல. ஞாயிறு மிஞ்சியது. ஆனால் அன்றைக்கு மேட்டின் உச்சியில் அவளை நம்பாத அத்தனை பேரோடும் அவளே போய்ச் சேர்ந்து நிற்கிறாள். அதைச் சொன்ன வாயை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

என்னால் ஆனதைச் செய்துவிட்டேன். காற்றைச் சரிபார்த்தேன், சீட்டை இறக்கினேன், பேட் புதிது, சக்கரம் சொன்ன இடத்தில் நிற்கிறது. இதற்கு மேல் ஒரு வார்த்தை நான் எழுத மாட்டேன், யார் வந்து கேட்டாலும் சரி. நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். மங்களம் கிண்ணத்தைக் கீழே வைக்காமல் நிற்கிறாள். ஷாந்தினி வாயைத் திறந்துவிட்டாள்.