முழங்கை வரை நீலம்

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு வார லீவில் ஊர் சுற்றப் போன இடத்தில், சாயப் பட்டறை வாசலில் ஒரு பெண்ணைப் படம் எடுத்திருந்தாள். முழங்கை வரை நீலச் சாயம் ஏறிய கைகளை உயர்த்திக்கொண்டு அந்தப் பெண் வாய்விட்டுச் சிரிக்கும் படம். புகைப்படப் போட்டிக் கண்காட்சிக்கு அனுப்புவதற்காக, ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் அதைக் கலரிலும் கறுப்பு வெள்ளையிலும் பிரிண்ட் போட்டு மேசையில் வைத்தான்.

“கறுப்பு வெள்ளையே அனுப்பு. கலர்னா கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கும். நடுவருங்க திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க.”

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “இதுல அந்தக்கா கையில கரி அப்பின மாதிரி இருக்குண்ணே. அந்த நீலத்தைப் பார்த்துத்தான் நான் நின்னேன். கலரே போகட்டும்.”

“தோத்துட்டு வந்து என்கிட்ட மூக்கைச் சிந்தாதே.”

கண்காட்சிக் கூடத்தில் அறுபது படங்கள். அவளுடையதைத் தவிர எல்லாமே கறுப்பு வெள்ளை. அவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆனால் அவள் படத்தைக் கடந்து போன மூன்று நடுவர்களும் திரும்பி வந்து அதன் முன்னால் நெடுநேரம் நின்றார்கள். மாலையில் முதல் பரிசுக்கு அவளை மேடைக்கு அழைத்தார்கள்.

அவள் கோப்பையோடு இறங்கி வந்தபோது, அண்ணன் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: “கலர்தான்னு நாங்க முதல்லயே முடிவு பண்ணிட்டோம்.”

அவள் சிரித்துக்கொண்டே கோப்பையை அவன் மடியில் வைத்தாள்.