தரைக்கடியில் ஒரு சத்தம்

லோகப்பிரியா இட்லி மாவுத் தொழில் தொடங்கிய முதல் கோடை முடிவதற்குள், சிங்காநல்லூர்க் கடைக்காரர்கள் அவள் அழைத்தால் போனை எடுக்காமல் விடத் தொடங்கினார்கள். காலையில் நன்றாகப் பொங்கி நின்ற மாவு மாலைக்குள் நூல் விட்டது. பாக்கெட்டைப் பிரித்தால் காயாத துணியின் வாடை.

முன்பு நூல் மில்லில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்த்தவள் அவள். இழை அறுந்தால், காரணம் எதுவெல்லாம் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகத் தெரியும். அரிசியை மாற்றினாள். உளுந்தை மாற்றினாள். கிரைண்டர்களைக் கழற்றி வெந்நீரில் கழுவினாள். மாவு கெட்டுக்கொண்டேதான் இருந்தது.

அவளிடம் வேலை செய்த முத்தாத்தாள் வேறொரு காரணம் வைத்திருந்தாள்.

"அரிசி மேல குத்தமில்லீங்க அம்மணி. இந்த எடமே சரியில்லீங்க. மோட்டார் போட்டா, மூட்டை வெக்கிற ரூமுல தரைக்குள்ள இருந்து ஆரோ தட்டறாங்க."

"பேசாம உளுந்தக் கழுவுங்கக்கா," என்றாள் லோகப்பிரியா. ஆனால் அவளும் கேட்டிருந்தாள். கதவைத் தட்டி, திறக்கிறார்களா என்று காத்திருந்து, மறுபடி தட்டுவது போன்ற சத்தம். அந்த அறைக்குத் தனியாகப் போக வேண்டியிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி முத்தாத்தாளையும் கூட்டிக்கொள்வாள்.

இன்னொன்றும் உறுத்தியது. கட்டடத்துக்காரர் லட்சுமணசாமியின் வீடு அடுத்த காம்பவுண்டில் இருந்தது. மோட்டார் ஓடும்போதெல்லாம் அவர் மனைவி குழந்தையம்மாள் மூட்டை அறையின் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார், பேசமாட்டார். தலையைச் சற்றுச் சாய்த்தபடி நிற்பார். மோட்டார் நின்றதும் போய்விடுவார். கரண்டை வீணாக்குகிறோமா என்று பார்க்கிறார் போல என்றுதான் லோகப்பிரியா முதலில் நினைத்தாள்.

பிறகு மோட்டார் எரிந்துபோனது. அது சரியாகி வரும்வரை லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்து அரைத்தார்கள். அந்த நாட்களில் ஒரு பாக்கெட்கூடத் திரும்பி வரவில்லை. மோட்டாரை மறுபடி மாட்டியதும் மாவும் மறுபடி நூல் விட்டது.

"தண்ணிதாங்கக்கா," என்றாள் லோகப்பிரியா.

வாடகைக்கு விடும்போது போர் தண்ணீர் என்றுதான் லட்சுமணசாமி சொல்லியிருந்தார். மோட்டாரிலிருந்து குழாய் போகும் வழியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அது சுவரைத் துளைத்து மூட்டை அறைக்குள் வந்து, மூட்டைகளுக்குப் பின்னால் தரைக்குள் இறங்கியது. இருவருமாக மூட்டைகளை நகர்த்தினார்கள். இரும்புக் கம்பியால் தரையைத் தட்டினாள். ஓரங்களில் கெட்டியாகக் கேட்டது. நடுவில் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல அதிர்ந்தது.

லட்சுமணசாமியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஏனுங்க, இதுக்குக் கீழ கெணறுங்களா?"

அவர் தரையைப் பார்க்கவில்லை. "இருந்துச்சுங்க. பைப்ப மட்டும் உட்டுட்டு மூடியாச்சு."

"எதுக்குங்க மூடுனீங்க?"

"அது எதுக்குங்க இப்ப? நாளைக்கே வேற லைன் இழுத்துத் தாரேன். இத இப்படியே உட்டுருங்க."

"எதுக்குன்னு நாஞ் சொல்றேனுங்க."

குழந்தையம்மாள் வாசலில் நின்றிருந்தார். அவர் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்து லோகப்பிரியா பார்த்தது அன்றுதான்.

"எம் புள்ள இதுல உழுந்து போயிட்டாளுங்க. பன்னெண்டாவது படிச்சிட்டிருந்தா. காரியம் முடிஞ்ச கையோட இவரு கல்லுப் பலகை போட்டு மூடி, மேல ரூமக் கட்டிப்போட்டாரு. ஊட்டுல அவ பேர எடுக்கக் கூடாதுன்னுட்டாரு. செவுத்துல இருந்த போட்டோவையும் கழட்டிப்போட்டாரு."

லட்சுமணசாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொத்தனார் வந்து பலகையின் ஒரு மூலையைப் பெயர்த்தார். பாக்கெட்டில் அடித்த அதே வாடை குப்பென்று மேலே வந்தது. லோகப்பிரியா டார்ச் அடித்துப் பார்த்தாள். பக்கத்துச் சாக்கடை, கல் இடுக்கு வழியாகக் கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது. இதையா இத்தனை பேர் வீட்டுக்கு அனுப்பினேன் என்று நினைத்துக்கொண்டாள். குழாயைச் சுவரோடு பிடித்திருந்த கிளாம்பு துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. மோட்டாரைப் போடச் சொன்னாள். தொங்கிய குழாய் ஆடி, சுவரில் போய் இடித்தது. கொஞ்சம் நின்று, மறுபடி இடித்தது.

"பைப்புங்கம்மா," என்றாள், குரலை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல். "அதுதானுங்க இத்தன நாளும் தட்டிட்டிருந்துச்சு."

"தெரியும் கண்ணு," என்றார் குழந்தையம்மாள். "பைப்புன்னு எனக்கு எப்பவோ தெரியும். ஆனா அவ இங்க இருந்தான்னு சொல்றதுக்கு அது ஒண்ணுதான இருந்துச்சு."

மோட்டாரை நிறுத்தச் சொல்ல லோகப்பிரியாவுக்கு வாய் வரவில்லை.

"புள்ள பேரு என்னங்கம்மா?"

குழந்தையம்மாள் கணவரைப் பார்த்தார்.

"தாரணி," என்றார் லட்சுமணசாமி, சுவரைப் பார்த்தபடியே. பிறகு அதே இடத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

குழாயை உருவி எடுத்தார்கள். மாநகராட்சித் தண்ணீர் வந்தது; அதை மேல்தொட்டிக்கு ஏற்றப் புது மோட்டார் வைத்தார்கள். கடைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். லட்சுமணசாமி கிணற்றின் மேல் இரும்புக் கம்பி வலை போட்டார். குழந்தையம்மாள் இப்போது தினமும் உள்ளேயே வந்து உட்கார்ந்து, தாரணி எப்படிச் சிரிப்பாள், எதைத் தின்னமாட்டாள் என்று முத்தாத்தாளிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

புது மோட்டாரைப் போட்டதும் பேச்சு நின்றுவிடும். உளுந்துக்குள் முத்தாத்தாளின் கை அப்படியே நிற்கும். மூவரும் அந்த அறைப் பக்கம் காது கொடுப்பார்கள். ஒன்றும் கேட்காது. அந்த அமைதிதான் லோகப்பிரியாவுக்குத் தாங்காது; ஊறியும் ஊறாத அரிசியை அள்ளிப் போட்டுக் கிரைண்டரை ஓட்டிவிடுவாள்.