கையைத் தூக்கினால் நிறுத்துவாள்

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் ஆரம்பித்தது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: எங்கள் தெருவிலேயே ஒரு பல் டாக்டர் இருக்கிறார். நான் இரண்டு பஸ் மாறி என் தோழியிடம் போனேன்.

அவளுக்குக் ‘குறடு’ என்று பெயர் வைத்தது நான்தான். விடுதியில் ஒரே அறை. பல் மருத்துவம் படிக்கும்போது அவள் முதன்முதலாக அடைத்த பல் என்னுடையது. படிப்பு முடிந்தும் வருஷக்கணக்கில் தினமும் பேசினோம். ஒருநாள் அவள் போனை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. அவள் அடைத்தது போன மாதம் கழன்று விழுந்தது.

“ஊர்ல வேற டாக்டரே இல்லையாடி?” என்றாள் அக்கா.

“அவ அடைச்ச பல்லு. அவளே பாக்கட்டும்.”

“பல்லக் காட்டப் போறியா, சண்டைக்குப் போறியா?”

2

இதைக் கதையாக எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: அன்று மழை பிடித்துக்கொண்டு

(மழையெல்லாம் இல்லை. மண்டையைப் பிளக்கும் வெயில். சோகம் என்றதும் மழையைக் கூப்பிடுவது எனக்கு ஒரு கெட்ட பழக்கம்.)

இரண்டாவது: என்னைக் கண்டதும் அவள் முகம் வெளிறி

(அதுவும் இல்லை. “வாங்க, உக்காருங்க” என்றாள்.*)

* ஒரே தட்டில் சாப்பிட்டவள்.

3

நடந்தது இதுதான். ஊசி போட்டாள். பாதி முகம் மரத்துப்போனது. வாயில் பஞ்சை வைத்துவிட்டு, “ஏதாவது சொல்லணும்னா கையத் தூக்குங்க, நிறுத்திடறேன்” என்றாள்.

மெஷின் கீச்சென்று ஓடியது. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. ஒரே ஒரு முறை அவை பல்லை விட்டு என்னைப் பார்த்தன. என் கை நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. தூக்கு, தூக்கு என்று மனசு அடித்துக்கொண்டது.

தூக்கவில்லை. “ரெண்டு மணி நேரம் ஒண்ணும் சாப்பிடாதீங்க” என்றாள். வந்துவிட்டேன். பஸ்ஸில் அழுதேன். மரத்த கன்னத்தில் கண்ணீர் இறங்கியதே எனக்குத் தெரியவில்லை, பக்கத்து சீட்டுக்காரம்மா பார்த்த பார்வையில்தான் தெரிந்தது.

4

கதையிலாவது அவளைப் பேச வைக்கலாம் என்று பார்த்தேன். “உன் கல்யாணத்துல நீ என்னை” என்று ஆரம்பித்தாள். அந்த வரியை அடித்துவிட்டேன். “எங்க வீட்டுல அவருக்கு” என்றாள். அதையும் அடித்தேன். எல்லாம் என் குரல். காரணம் எனக்கே தெரியாதபோது, நான் எழுதும் குறடுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே ஒன்றை மட்டும் மாற்றுகிறேன். இந்தக் கதையில் நான் கையைத் தூக்குகிறேன்.

மெஷின் நின்றுவிட்டது. பஞ்சை எடுக்கிறாள். “சொல்லுங்க” என்கிறாள்.

மரத்த நாக்கைப் புரட்டி, “என்னடி ஆச்சு?” என்று கேட்டுவிட்டேன்.

இதற்கு மேல் எனக்கு எழுத வராது. அவள் முகக்கவசத்தை இறக்குகிறாளா, மெஷினை மறுபடி போடுகிறாளா? நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். கையை நான் இன்னும் இறக்கவில்லை. வலிக்கிறது.