முதல்ல பட்டன்

"முதல்ல பட்டன், அப்புறம்தான் பிள்ளை. எங்கே, சொல்லுங்க பார்ப்போம்!"

"முதல்ல பட்டன்... பெத்தவளால அது முடியுமா சிஸ்டர்?"

"முடியணும்மா. பட்டனை அழுத்தினாதான் நான் ஊசியோட ஓடிவர முடியும். வலிப்பு ஆரம்பிச்ச உடனே மருந்து ஏறினாதான், மூளையில ரத்தம் எந்த இடத்துக்குப் பாயுதுன்னு படத்துல பிடிக்கலாம். அரை நிமிஷம் தாண்டினா வலிப்பு மண்டை பூரா ஊர் சுத்தப் போயிடும்."

நேற்றுக் காலை நர்ஸ் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னதை, மதியம் மகளின் உதடு கோணியதும் அவள் சுத்தமாக மறந்துபோனாள். பாய்ந்து போய் இரண்டு கைகளாலும் குழந்தையைப் பிடித்து ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். நான்கு வருடப் பழக்கம். பட்டன் பாட்டுக்குக் கட்டில் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் வீண்.

இன்று காலை புது மருந்து வந்திருந்தது. நான்கு மணிக்கு மேல் அதற்கு வீரியம் இருக்காது. வலிப்பு கிளம்பும் இடம் தெரிந்தால்தான் ஆபரேஷன் பற்றிப் பேசவே முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வரக்கூடாது, வரக்கூடாது என்று வேண்டிய அதே வாய், இன்று 'வந்து தொலையேன்' என்று முணுமுணுத்தது.

"அம்மா, ஃபிட்ஸ் இன்னிக்கு லீவா?" என்றாள் பட்டாணி. ஆறு வயது, தலை நிறைய ஒயர்.

"உங்கப்பா மாதிரிதான். வேணும்கிறப்ப ஆளைக் காணோம்."

ஸ்டூலில் இருந்த கணவன் அசடு வழியச் சிரித்தான். மகளுக்கு வலிப்பு வந்தாலே வராந்தாவுக்குப் போய்விடுகிறவன் அவன். எல்லாம் அடங்கியபின் தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வருவான், கண் சிவந்திருக்கும். அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு அவளுக்கு எதுவும் கேட்க வாய் வந்ததில்லை.

மூன்றேகாலுக்கு அவன் ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பட்டாணி பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். உதடு கோணியது.

அம்மாவின் கைகள் இரண்டும் தாமாகவே குழந்தையிடம் போய்விட்டன.

"பட்டன்! ஏங்க, பட்டன்!"

கதவருகே போனவன் ஃபிளாஸ்கைப் போட்டுவிட்டு ஓடிவந்து அழுத்தினான். அடுத்த அறையில் ஊசியோடு காத்திருந்த நர்ஸ் பறந்து வந்து மருந்தை ஏற்றினாள்.

"பன்னிரண்டே செகண்ட்! படம் கிடைச்சிடும்மா."

பட்டாணியின் உடம்பு இன்னும் உதறிக்கொண்டிருந்தது. அவன் கால்கள் பழக்கத்தில் கதவுப் பக்கம் திரும்பின. அவள் குழந்தையின் தலையிலிருந்து கையை எடுக்காமல், நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னாள்.

"போகாதீங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. நாலு வருஷமா பயமாத்தான் இருக்கு. எங்கூட இருங்க."