கமாலின் காதில் இருந்த பஞ்சு

1

இந்தக் கதை என் கழுத்தில் பிறந்தது. ஒரு கலியாண வீட்டில் யாரோ அன்போடு அத்தர் தடவிவிட்டார்கள். மறுநாள் கழுத்து சுட்ட கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. சொறிய ஒரு கை போதுமாக இருந்ததால், மற்ற கையால் எழுத ஆரம்பித்தேன்.

முதல் முயற்சி: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில், ராயபுரத்து வானம் பொன்னிறமாக—'

(வேண்டாம். அன்று வானத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் ஜீனத்தின் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.)

2

ஜீனத், அத்தர் வியாபாரி கமாலின் மனைவி. கலியாணமாகி நாற்பது நாள். கடைக்குப் புது அத்தர் வந்தால் முதல் சொட்டு அவள் காதோரத்துக்கு. அன்பைக் காட்டக் கமாலுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அவள் மாடியில் துணி உலர்த்தப் போவாள். வெயில் பட்டதும் சொட்டு வழிந்த இடமெல்லாம் தடித்துச் சிவக்கும். கமால் கலங்கிப்போய், ஆறுதலாக இன்னும் உசத்தியான அத்தர் கொண்டுவருவான்.

[ஓரக்குறிப்பு: கமாலை முட்டாளாக எழுதிப் பார்த்தேன், அவன் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று தலைமுறையாக அத்தரைப் பூசியே வளர்ந்த குடும்பம். ஒருத்தருக்கும் ஒரு கொப்புளம் வந்ததில்லை.]

3

வண்ணாரப்பேட்டையிலிருந்து ஜீனத்தின் அம்மா ரஹீமுன்னிசா வந்தாள். மகளின் கழுத்தைப் பார்த்தாள். பெட்டியைக் கட்டச் சொன்னாள்.

"மாப்ளே, தப்பா நெனைக்காதீங்க. இந்த வூட்டுத் தண்ணி இவளுக்கு ஒத்துக்கல. வெள்ளிக்கிழமை இட்டுகினு போறேன்."

"எப்போ திரும்பி அனுப்புவீங்க?"

"அவ தோலு சொல்லட்டும்."

ஜீனத்துக்குப் போக மனமில்லை. (ஏன் என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அத்தர் குப்பியைத் திறக்கும்போது கமால் கண்ணை மூடிக்கொள்வான். அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.)

பக்கத்து வீட்டு இருதயம்மாள் மீன் கூடையை இறக்கிவைத்தாள்.

"இன்னா கமாலு, நீ மீஞ்சூர் போன மூணு நாளும் இவ கழுத்து பளபளன்னு இர்ந்துச்சு. நீ வந்த, மறுபடி பூத்துக்கிச்சு. தண்ணி அதேதான். வந்தது நீதான்."

"நானா?"

"உன் வாசனை, நைனா. தெருமுனைல நீ திரும்பசொல்ல எம் மீனே மூக்கப் பொத்திக்குது."

4

(இங்கே கமால் கடையை இழுத்து மூடினான் என்று எழுதினேன். தியாகம், கண்ணீர் எல்லாம் நன்றாகத்தான் வந்தது. அப்புறம் எதைச் சாப்பிடுவார்கள் என்று யோசித்து அடித்துவிட்டேன்.)

வெள்ளிக்கிழமை சாயங்காலம். வாசலில் குதிரைவண்டி. கடையிலிருந்து வந்த கமால் நேரே தெருக்குழாயடிக்குப் போய், சீயக்காய் தேய்த்து மூன்று முறை குளித்தான். இருதயம்மாளின் புருஷன் கடலுக்குப் போட்டுப்போகும் சட்டையை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு ஜீனத் முன்னால் வந்து நின்றான்.

"இப்போ இன்னா வாசனை வருது?"

அவள் கிட்டே வந்து மோந்து பார்த்தாள். "வஞ்சிர மீனு."

"பரவால்லியா?"

"எனக்கு வஞ்சிரம் ஒத்துக்கும்."

ரஹீமுன்னிசா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். "பத்து நாள் பாக்கறேன். இன்னொரு தடிப்பு தெரிஞ்சுது, இட்டுகினு பூடுவேன்." வண்டியில் அவள் மட்டும் ஏறினாள்.

5

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் அத்தர்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: அத்தரில் நனைத்த பஞ்சைக் காது மடலுக்குள் செருகிவைப்பார்கள். கமால் தலையில் தண்ணீர் ஊற்றும்போதுகூட, பழக்கதோஷத்தில், இடது காதைக் கையால் பொத்திக்கொண்டான். சிறுவயதிலிருந்தே அங்கே இருப்பதால், பஞ்சும் காதோடு பிறந்ததென்று நினைத்துவிட்டான் போல. இப்போதைக்கு வஞ்சிரம் அதன் மணத்தை மூடியிருக்கிறது.

வண்டி தெரு திரும்பிவிட்டது. ஜீனத் அவன் தோளில் கன்னத்தைச் சாய்க்கப் போகிறாள். இடது தோள்.

அந்தப் பஞ்சை நானே எடுத்துவிடுவேன். ஆனால் என் விரலும் தடித்துப்போனால் இதை யார் எழுதுவது? உங்கள் தோல் எப்படி? ஒன்றும் ஆகாதென்றால் கொஞ்சம் கையை நீட்டுங்கள். மெதுவாக. அவனுக்குக் காதில் கூச்சம் அதிகம்.