முழங்கால் பக்கம் நாலு விரல்

அந்த வேனில் மூன்றாவது கியர், கியர் கம்பியின் குமிழில் வரைந்திருந்த இடத்தில் இல்லை. படத்தை நம்பி இரண்டிலிருந்து மேலே தள்ளினால் கம்பி மறுபடி ஒன்றில் போய் விழும். வண்டி சுவரில் முட்டியதுபோல் குலுங்கும். கம்பியின் அடியில் இருந்த பிளாஸ்டிக் புஷ் வளையங்கள் தேய்ந்து, கம்பியைத் தானாக நடுவுக்குக் கொண்டுவரும் ஸ்பிரிங்கும் செத்து நாலு வருடம் ஆகியிருந்தது. எனவே இரண்டிலிருந்து கம்பியை முழங்கால் பக்கம் நாலு விரல் அகலத்துக்கு இழுத்து, அதன்பிறகு மேலே தள்ள வேண்டும். குறைத்து இழுத்தால் ஒன்று. கூட்டி இழுத்தால் ஐந்து.

இதை அவள் பதினோரு வாரத்தில் பழகியிருந்தாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தது அவள் கணவர். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு கிடங்கின் பின்முற்றத்தில், வண்டியை நிறுத்தி வைத்து, அவளைக் கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, நூறு தடவை, இருநூறு தடவை இரண்டிலிருந்து மூன்று போட வைத்தார். ரோட்டில் கீழே குனிந்து பார்க்க நேரம் இருக்காது, கைக்குத்தான் கண் வேண்டும் என்பது அவர் கட்சி. அவள் கைக்கும் கண் வந்துவிட்டது.

கணவர் பதினாலு வருடம் தன் சொந்த வண்டியான அதே வேனை ஒரு சலவை நிலையத்துக்காக ஓட்டியவர். சின்ன ஆஸ்பத்திரிகளிலும் லாட்ஜுகளிலும் அழுக்கு விரிப்புகளை எடுத்து வருவதும், துவைத்துத் தேய்த்ததைத் திருப்பிக் கொடுப்பதும் வேலை. எந்தச் சந்திலும் சுவரை உரசாமல் நுழைப்பார் என்பதால் சலவை நிலையத்தில் அவருக்கு 'சென்டிமீட்டர்' என்று பெயர். ஏழு மாதத்துக்கு முன்னால் குளித்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, காலும் ஓரளவு திரும்பியது. இடது கையின் விரல்கள் மட்டும் திரும்பவில்லை. இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

சலவை நிலையத்தின் முதலாளியம்மா பொல்லாதவர் இல்லை. இத்தனை மாதமும் தற்காலிகமாக ஒரு வாடகை வண்டியை வைத்துச் சமாளித்தார். ஆனால் அந்த வண்டிக்காரன் நிரந்தரமாக எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று நின்றான். சனிக்கிழமைக்குள் அவள் லைசென்சோடு வந்தால் வேலை அவளுக்கு. வராவிட்டால் அவனுக்கு என்று முடிவானது. டெஸ்ட் வியாழக்கிழமை. அதை விட்டால் அடுத்த தேதி ஏழு வாரம் கழித்துத்தான்.

புதன்கிழமை காலை, அவள் துணி பேக்கிங் வேலைக்குப் போன பிறகு, கணவர் அவள் தம்பிக்கு போன் செய்தார். தம்பி மெக்கானிக். பத்து மணிக்கு வந்தபோது வேனின் முன்சீட்டில் ஒரு அட்டைப்பெட்டி காத்திருந்தது. உள்ளே கடைசலில் செய்த பித்தளைப் புஷ் இரண்டு, கம்பி உட்கார ஒரு புதுக் கிண்ணம், தடித்த ஸ்பிரிங், பழையதில் பாதி உயரமே இருந்த ஒரு கியர் கம்பி. இந்த மாடலுக்கு வண்டிக் கம்பெனி பார்ட்ஸ் தயாரிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. இது வெளிக் கம்பெனிச் சாமான். 'பாதி தூரம், இரட்டைப் பிடிப்பு' என்று பெட்டியில் போட்டிருந்தது. அவர் இரண்டு வாரம் முன்பே, யாரிடமும் சொல்லாமல் வரவழைத்திருந்தார்.

தம்பி புஷ்ஷை எடுத்து விரலில் மாட்டிப் பார்த்தான். மோதிரம் நல்லா இருக்கு, நிச்சயத்துக்கு நாள் குறிச்சாச்சா என்று கேட்டான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"நாளைக்கு அக்காவுக்கு டெஸ்ட். இன்னிக்குப் போய் கியரைத் தொடுவாங்களா மாமா? ஞாயித்துக்கிழமை பண்ணித் தர்றேன்."

"ஆபீசர் உக்காந்ததும் கம்பிய ஆட்டிப் பாப்பான். இந்த ஆட்டத்தைப் பாத்தா வண்டியையே வெளிய அனுப்பிடுவான் மாப்ள."

அப்படியும் நடக்கலாம்தான். தம்பி ஸ்பானரைக் கையில் எடுத்தான்.

கம்பியைச் சுற்றியிருந்த ரப்பர் உறையைக் கழற்றினான். உள்ளே பதினாலு வருடத்துத் தூசி, ஒரு சட்டைப் பொத்தான், உலர்ந்த பேனா மூடி. கம்பியிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் இரண்டு கேபிள்களின் முனையிலும் புஷ் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது. கழற்ற வரவில்லை, கத்தியால் அறுத்துத்தான் எடுத்தான். கம்பி உட்கார்ந்து சுழலும் கிண்ணம், திருப்புளியை வைத்து நெம்பியதும் பிஸ்கட்டாகப் பொடிந்தது. இதை வைத்துக்கொண்டா அக்கா ஓட்டினாள் என்று அவனுக்கு ஆச்சரியம். பித்தளைப் புஷ் இரண்டையும் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டி ஏற்றினான். கேபிள் நீளத்தைக் கால் திருகு கால் திருகாகச் சரிசெய்தான். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. கம்பியைத் தட்டிவிட்டால் 'டக்'கென்று நடுவுக்கு வந்து நின்றது. இரண்டிலிருந்து மூன்றுக்குச் சும்மா மேலே தள்ளினால் போதும். ஒவ்வொரு கியரும் பூட்டு விழுவதுபோல் விழுந்தது.

தம்பி கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினான். கணவர் டிரைவர் பக்கம் சுற்றி வந்து கதவைத் திறந்தார். ஏறினார். அந்த இருக்கையில் அவர் உட்கார்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு நீல ரப்பர் பட்டையை எடுத்தார். கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் கொடுத்தது. அதை வலது கையாலும் பல்லாலும் இழுத்துக் குமிழின் மேல் இறுக்கிச் சுற்றினார். இடது உள்ளங்கையைத் தூக்கி அதன் மேல் வைத்தார். அப்போதுதான் தம்பிக்கு எல்லாம் புரிந்தது.

ஒன்று விழுந்தது. மேலே தள்ளுவதற்கு விரல் வேண்டாம், உள்ளங்கை போதும். இரண்டுக்குக் கீழே இழுக்க வேண்டும். மணிக்கட்டை வளைத்துக் கொக்கிபோல் மாட்டி இழுத்தார். கை மட்டும் வந்தது. மறுபடி மாட்டினார். தோளையும் சேர்த்துப் பின்னால் சாய்ந்து இழுத்தார். ரப்பர் கிறீச்சிட்டது, கை தொடையில் வந்து விழுந்தது. ஏழெட்டுத் தடவை. நெற்றியில் வேர்த்துவிட்டது.

"கம்பி குட்டையானா பலம் ஜாஸ்தி வேணும் மாமா," தம்பி மெதுவாகச் சொன்னான். "உங்களுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பழசையே விடுன்னிருப்பேன். அது ஒத்தை விரலுக்கு வரும்."

கணவர் கண்ணாடி வழியாக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருப்பிப் பழசப் போட்டுடு."

தம்பி காலடியில் கிடந்த பொடியைக் காட்டினான். கூட்டி அள்ளினால் ஒரு கைப்பிடி இருக்கும்.

டாக்டர் எழுதிக் கொடுத்ததை என்ன செய்வதாக இருந்தார் என்று தம்பி கேட்கவில்லை. ஓட்டிக் காட்டினால் டாக்டரே மாற்றி எழுதுவார் என்றோ, முதலாளியம்மா கண்டுகொள்ள மாட்டார் என்றோ அவர் மனதில் ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும். இறங்கும்போது அவர் சொன்னது ஒன்றுதான்: அவளிடம் சொல்லாதே.

அவள் வேலை முடிந்து வந்து கியரைப் பார்த்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நின்ற வண்டியில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று பார்த்துப் பார்த்துப் போட்டாள். எல்லாம் சரியாக விழுந்தது. தம்பி நல்ல வேலைக்காரன் என்றாள். குமிழில் நீலமாக என்ன என்று கேட்டதற்கு, வழுக்காமல் இருக்க என்று கணவர் பதில் சொன்னார். அதுவும் பொய் இல்லை.

மறுநாள் காலை டெஸ்ட் மைதானத்துக்குப் போகும்போது தம்பி பக்கத்தில் உட்கார, அவள் ஓட்டினாள். கணவர் கதவோரம் இருந்தார். முதல் திருப்பம் தாண்டியதும் அவள் கை இரண்டிலிருந்து முழங்கால் பக்கம் நாலு விரல் இழுத்து மேலே தள்ளியது. ஐந்து விழுந்தது. வேன் நடுங்கி நின்றது. பின்னால் ஒருவன் ஹாரனில் கை வைத்து எடுக்கவில்லை. மறுபடி கிளப்பினாள். அடுத்த சிக்னலிலும் அதே. மூன்றாவது தடவை தம்பி அவள் கையைப் பிடித்தே போட்டுவிட்டான்.

"இழுக்காத அக்கா. அது தானா நடுவுக்கு வந்துடும். நீ மேல தள்ளு, போதும்."

"தெரியுதுடா. கைக்குத் தெரியலையே."

பழசை மறந்துவிடு என்றார் கணவர். பதினோரு வாரம் மறக்காதே, மறக்காதே என்று சொன்ன அதே குரல். அவள் திரும்பி ஒரு தரம் அவரைப் பார்த்தாள். மைதானத்துக்கு வெளியே இருபது நிமிடம் இருந்தது. பழகினாள். மனதுக்குள் சொல்லிக்கொண்டே போட்டால் சரியாக விழுந்தது. வாய் நின்றால் கை பழைய இடத்துக்குப் போனது. தம்பிக்குப் பட்டறை திறக்க நேரமாகிவிட்டது. பதினொன்றரைக்கு வந்துவிடுவதாகச் சொல்லி பஸ் ஏறினான்.

அவள் முறை ஒன்பதே முக்காலுக்கு வந்தது. டெஸ்ட் எடுப்பவர் நரைத்த மீசைக்காரர், மரியாதையாகப் பேசினார். கம்பியை ஆட்டியெல்லாம் பார்க்கவில்லை. சீட் பெல்ட், கண்ணாடி, ஹேண்ட் பிரேக் எல்லாம் சரி. இரண்டு டிரம்முக்கு நடுவில் ரிவர்ஸ் எடுத்து விட்டாள். அதில் சென்டிமீட்டரின் மாணவி என்பது தெரிந்தது. மேட்டில் நிறுத்திக் கிளப்பினாள், ஒரு அங்குலம்கூடப் பின்னால் நகரவில்லை. கடைசியாக நேர்ச்சாலையில் வேகம் எடுத்து மூன்றுக்கு மாற்றி, மேம்பாலத்தடி வரை போய்த் திரும்ப வேண்டும்.

கணவர் கம்பிவேலிக்கு வெளியே நின்றிருந்தார். அங்கிருந்து வண்டியின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. அவருக்குப் பார்க்க வேண்டியதில்லை, கேட்டால் போதும். ஒன்று. இரண்டு. இரண்டில் எஞ்சின் நன்றாக ஏறியது, சரியான இடத்தில் கிளட்ச் மிதித்தாள். பிறகு எஞ்சின் கனத்த மூட்டையைத் தூக்கிய ஆள்போல் முனகியது, இருமியது, நின்றது. மறுபடி கிளப்பினாள். ஒன்று. இரண்டு. அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு 'தள்ளு, தள்ளு' என்று வாய்க்குள் சொன்னார். மறுபடி அதே முனகல்.

இரண்டு தடவை நின்றால் முடிந்தது. அது அங்கே எல்லாருக்கும் ஒரே விதி.

மீசைக்காரர் தாளில் எழுதிக்கொண்டே, நன்றாக ஓட்டுகிறீர்கள், வண்டியைத்தான் இன்னும் கொஞ்சம் பழக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். யாருடைய வண்டி என்று கேட்டாராம். எங்களுடையதுதான் என்று அவள் சொன்னாள்.

வேனை ஓரத்தில் ஒரு மரத்தடியில் விட்டார்கள். பதினொன்றரை வரை தம்பி வர மாட்டான். அவள் தனியாக ரோட்டில் எடுக்க முடியாது. அவர் ஓட்டவே முடியாது. இரண்டு பேரும் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். வேலிக்குப் பின்னால் அடுத்த ஆள் சின்னக் கார் ஒன்றில் எட்டு போட்டுக்கொண்டிருந்தான். டிரம்மை இடித்தான். சிரிப்புச் சத்தம் கேட்டது.

அவள் குமிழின் மேல் கை வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நீலப் பட்டையின் நுனியை நகத்தால் பிரித்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஓரத்தில் பல் பதிந்த தடம் வரிசையாக இருந்தது. அதைத் தடவிப் பார்த்தாள்.

"பிடிக்க முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

அவர் இடது கையை வலது கையால் எடுத்து மடியில் வைத்தார்.

"ஒண்ணு விழுந்துச்சு. ரெண்டு வரல."

அவள் தலையாட்டினாள். கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட விட்டுடலாம்னு உங்களுக்குத் தோணலையா?"

"தோணுச்சு," என்றார். "நீ நல்லா ஓட்ட ஆரம்பிச்சதும்தான் இத வாங்கினேன்."

சலவை நிலையத்துக்கு அவள்தான் போன் செய்தாள். முதலாளியம்மா அனுதாபமாகப் பேசினார். ஏழு வாரம் என்பது தன் கையில் இல்லை என்றார். அந்த வண்டிக்காரனிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார், கேட்க மாட்டார் என்பது இருவருக்கும் தெரிந்தது. வைக்கும்முன், நிலையத்தின் பெயர் போட்ட பைகள் பன்னிரண்டு வேனில் இருக்கும், சனிக்கிழமைக்குள் அனுப்பிவிடு அம்மா, அவனுக்கு வேண்டும் என்றார். சரி அம்மா என்றாள்.

அவள் பின்னால் போய்ப் பைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். பெரிய கான்வாஸ் பைகள். மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவர் இறங்கி வந்து மறுமுனையை வலது கையால் பிடித்தார். இன்னொரு மூலை நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்து, அதைத் தாடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டார். அப்படியே பன்னிரண்டையும் மடித்தார்கள்.

தம்பி வந்தபோது பைகள் கதவோரம் அடுக்கியிருந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினான். ஒன்று, இரண்டு, மூன்று. கம்பி பூட்டு விழுவதுபோல் ஒவ்வொன்றாக விழுந்தது. நல்ல வேலை. அந்தச் சத்தம் கேட்கக் கூடாதென்று அவன் ரேடியோவைப் போட்டான். கொஞ்சத் தூரம் போனதும் அக்கா அதை நிறுத்தினாள்.