கடல் தப்பாகுமா

ஜர்ராஹ் வளர்ப்பு மீன் கடைத் தொட்டிக்குள் விரலை முக்கி எடுத்து நக்கினான். மீன் கழிவு மிதக்கிற தண்ணீர் அது. கூட நின்ற தங்கை வத்ஹா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உப்பு சரியா இருக்கு. நாக்கை மிஞ்சின கருவி எது?" என்றான்.

"சீ, நீயெல்லாம் ஒரு மனுஷன். உன்னைப் போய் அண்ணன்னு கூட்டிட்டு வந்தேன் பாரு."

குவைத்தின் வெள்ளிச்சந்தைக்கு அவள் வந்ததே தொட்டித் தண்ணீரின் உப்பை அளக்க நல்ல கருவி ஒன்று வாங்கத்தான். வீட்டுத் தொட்டியில், பூப்போல விரிகிற கடல் பிராணியான கடல் சாமந்தி சில நாளாக வாடிக்கிடந்தது. அதன் மடியில் ஒரு ஜோடிக் கோமாளி மீன் குடித்தனம் நடத்திவந்தது. சாமந்தி செத்துவிடுமோ என்று அவள் பயந்தாள்.

எகிப்துக்காரக் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று, உள்ளே முள் ஆடுகிற பிளாஸ்டிக் டப்பா. மற்றது, ஒரு சொட்டு விட்டுக் கண்ணில் வைத்துப் பார்க்கிற குழல்.

"டப்பாவே போதும். என்கிட்ட அதுதான் இருக்கு," என்றான் ஜர்ராஹ்.

"உன்னோடதைப் பாத்திருக்கேன். உப்புப் பூத்து, பாசி வழிஞ்சு, தொடவே கூசுது. முள்ளு ஒட்டின இடத்துலயே நிக்கும்."

அவள் குழலை எடுத்தாள். கடைக்காரர் ஒரு சிறு குப்பியையும் நீட்டினார்.

"இதுல உப்பு ஆயிரத்துக்குச் சரியா முப்பத்தஞ்சும்மா. முதல்ல இதை விட்டு, குழலுக்குள்ள தெரியிற கோடு முப்பத்தஞ்சுல நிக்கிற மாதிரி திருகாணியத் திருப்பி வெச்சுக்கணும்."

ஜர்ராஹ் சிரித்தான். "வாசல்ல கடலை வெச்சுக்கிட்டு உப்புத்தண்ணிய காசு குடுத்து வாங்குறதா? கடல்னா முப்பத்தஞ்சு. புத்தகத்துலயே இருக்கே."

அவளும் அப்படித்தான் படித்திருந்தாள். குழலை மட்டும் வாங்கிக்கொண்டு குப்பியை வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு அவன் ஒரு மோர்ப் புட்டியில் கடல்தண்ணீர் பிடித்து வந்தான். புட்டியைக் கழுவக்கூட இல்லை, புளித்த வாடை அடித்தது. ஒரு சொட்டு விட்டு, கோடு முப்பத்தைந்தில் நிற்கும்வரை திருகினான். பிறகு தொட்டித் தண்ணீரை விட்டான். கோடு முப்பதில் நின்றது.

"பாத்தியா? உப்பு குறைச்சல். அதான் வாடுது."

கோடு முப்பத்தைந்துக்கு ஏறும்வரை இருவருமாக உப்பைக் கரைத்துக் கொட்டினார்கள்.

மறுநாள் காலை கூடமே நாறியது. சாமந்தி கரைந்து பழுப்புச் சளியாகக் கிடந்தது. கோமாளிகள் இரண்டும் அந்தச் சளிக்குள் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து, உள்ளே இடம் தேடிக்கொண்டிருந்தன. வத்ஹா அதை வழித்து வாளியில் போடுவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள்.

நேராகப் போய் அந்தக் குப்பியை வாங்கி வந்தாள். அதை விட்டுத் திருகாணியைச் சரிசெய்து பார்த்தால், தொட்டியில் நாற்பத்தொன்று. மோர்ப் புட்டியில் மிச்சமிருந்த கடல்தண்ணீரும் அதே நாற்பத்தொன்று. இங்கே அடிக்கிற வெயிலுக்குக் கடலே சுண்டிக் கிடக்கிறது. புத்தகத்துக் கடல் வேறு, வாசல் கடல் வேறு. சாமந்தி எதனால் வாடியதோ, நேற்றுவரை தொட்டியில் உப்பு சரியாகவே இருந்திருக்கிறது. கொட்டிக் கொன்றது இவர்கள்தான்.

ஆண்கள் கூடிப் பேசுகிற, பெண்கள் நுழையாத அண்ணனின் திவானியா அறைக்குள், குழலும் சாமந்திச் சளி வாளியுமாகப் போனாள். சாம்பிராணி வாசனையில் ஆண்கள் சாய்ந்திருந்தார்கள்.

"இந்தக் குழல்ல பாரு, உன் கடல்தண்ணி நாப்பத்தொண்ணு," என்றாள்.

ஜர்ராஹ் பார்க்கவில்லை. காப்பியை ஒரு மிடறு குடித்தான்.

"கடல் தப்புங்கிறியா? என் தொட்டியில முழுக்கக் கடல்தண்ணிதான். வருஷா வருஷம் ஒரு சாமந்தி செத்துட்டுத்தான் இருக்கு. ஒரு நாளாவது நான் தண்ணிய குத்தம் சொன்னேனா? போகப்போகப் பழகிடும்."

அவள் வாளியைக் கம்பளத்தின் நடுவில் வைத்து, மூடியைத் திறந்துவிட்டு வெளியே வந்தாள்.